சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமுங்க. உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு தெருமுனைக் கூட்டம். ஏழாவது படிக்கும் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். பேச வந்தவர் எதிர்க்கட்சியின் பெண் நிர்வாகி ஒருவர் உடுத்துகிற உடையையும், அவர் யாரோடு எந்தக் காரில் போகிறார் என்பதையும் கால்மணி நேரம் பேசினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள், "அவரு அந்தக்காவப் பத்தித் தப்பாத்தானப்பா பேசுனாரு, அப்புறம் ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்படிப் பேசுகிறவனுக்கெல்லாம் சேலையைக் கட்டி, கையில் வளையலைப் போட்டுத் தெருவில் நடக்க விட வேண்டும் என்று தோன்றியது. ஜெயலலிதா இருந்தவரை இப்படிப் பேச ஒருத்தனுக்காவது தைரியம் வந்திருக்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெண்களை மேடையில் இப்படிப் பேசிவிட்டு, மறுபக்கம் மாதம் ஆயிரம் ரூபாய், ஓசி பஸ் என்று அள்ளிக் கொடுத்து வாயை அடைக்கிறார்கள். என் மனைவிக்கும் அந்த ஆயிரம் வருகிறது. அந்தப் பணத்தில் எத்தனை ரோடு போடலாம், எத்தனை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போடலாம்? டாஸ்மாக்கில் புருஷனிடம் பிடுங்கியதைப் பெண்டாட்டி கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதானே? எங்கள் தறிக்குடோனில் தினமும் இதே பேச்சுதான். பெண்களுக்கு வேண்டியது மரியாதையா, பணமா? அரசாங்கம் எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும்? நீங்கள் எழுதினால் நண்பர்களிடம் காட்டுவேன்.

பெயர் போட வேண்டாமுங்க.

ஒரு வாசகர், சோமனூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் கட்சியின் பெயரும் பேசியவரின் பெயரும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். பெயர் இருந்தால் என்ன பேசினான் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கட்சிக்காரன் பேசினான் என்பதில் போய் எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள்.

அரசியல் கடிதங்களுக்கு நான் அதிகம் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் இருக்கிற ஒரு சொல் இரண்டு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டுக்குள் கிடந்து உறுத்துகிற சொல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் மகள். பேசியது தப்பு என்று பன்னிரண்டு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளையை ஒரு தடவை கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது எனக்கு. "சிரிச்சவங்களுக்கும் அது தப்புன்னு தெரியும் கண்ணு. பக்கத்துல நிக்கறவன் சிரிக்கறப்ப, தான் மட்டும் சும்மா நிக்கறதுக்குப் பயம்" என்று சொல்லுங்கள். மேடையில் இருந்த அந்த இரண்டு பெண்களைப் பற்றி அவளிடம் கோபமாகப் பேசிவிடாதீர்கள். அன்றைக்கு அவர்கள் சிரிக்காமல் இருந்தால் அடுத்த கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்காது. அப்படிச் சிரித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிற பெண்களின் கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் தம்பி, அதற்கு அடுத்த வரியில் நீங்கள் எழுதியிருப்பதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். பெண்ணை இழிவாகப் பேசியவனுக்கு நீங்கள் யோசித்த தண்டனை என்ன? சேலை. வளையல். உங்கள் மனைவி தினமும் உடுத்துகிற துணி. உங்கள் மகள் ஆடி நோம்பிக்கு ஆசையாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற பொருள். ஓர் ஆணுக்கு மாட்டிவிட்டால் அது அவமானம் என்றால், தினமும் மாட்டியிருக்கிறவளை நீங்கள் என்னவாக நினைக்கிறீர்கள்? மேடையில் பேசியவன் கணக்கும் இதுதானே. கோபத்தில் கை நீட்டி எடுத்தபோது அவன் எடுத்த அதே சேலைதான் உங்கள் கையிலும் வந்திருக்கிறது. மகள் முன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல்லியிருந்தால், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவளிடமே போய்ச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஜெயலலிதா காலத்தில் பேசினார்களா என்றால், பேசினார்கள். இதைவிடக் கேவலமாகவே பேசினார்கள். 1989 மார்ச் 25-ல் சட்டசபைக்குள்ளேயே தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொல்லி, கலைந்த தலையோடு வெளியே வந்தவர் அவர். 1991-ல் எங்கள் காங்கேயத்தில் நின்றார். பர்கூரிலும் நின்று இரண்டிலும் ஜெயித்து, காங்கேயத்தை விட்டுக் கொடுத்தார். அப்போது நான் கேட்ட கூட்டங்களில் அவர் சினிமாவில் ஆடியதைத் தவிர வேறு எதையும் எதிராளிகள் பேசி நான் கேட்கவில்லை. பதவி கையில் இருந்தபோது சத்தமாகப் பேசப் பயந்தார்கள். அந்தப் பயத்தை மரியாதை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

தேதியைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று போட்ட சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு வைத்திருப்பதும் அதே 1989 மார்ச் 25 முதல்தான். அதற்கு முன்பே கல்யாணம் ஆன மகள்களுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது. பங்கு உள்ளவர்களும் நம் பக்கத்தில் சீரை வாங்கிக்கொண்டு, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நானும் போட்டேன்.

2021 தேர்தலுக்கு வருவோம். எடப்பாடி பழனிசாமி அப்போது முதல்வர். அவரைத் தாக்கப் போன தி.மு.க.வின் ஆ.ராசா, அவருடைய தாயை இழிவாகப் பேசினார். அந்த அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்புறம் ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யக் கூடாது என்றது. அதே தேர்தலில் உங்கள் கோவை மாவட்டத்துத் தொண்டாமுத்தூரில் தி.மு.க.வுக்கு ஓட்டுக் கேட்க வந்த பட்டிமன்றப் பேச்சாளர் திண்டுக்கல் லியோனி, வெளிநாட்டு மாட்டுப் பாலைக் குடித்து நம் பெண்களின் இடுப்பு பெருத்துவிட்டது என்று பேசினார். அந்த ஆண்டு ஜூலையில் அவரைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவராக்கினார்கள். நம் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தை அச்சிடுகிற கழகம் அது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 அக்டோபரில் அ.தி.மு.க.வின் சி.வி.சண்முகம், தேர்தல் வந்தால் மிக்ஸி, கிரைண்டர், ஆடு, மாடு தருகிறவர்கள் ஆளுக்கொரு மனைவியையும் இலவசமாகத் தருவார்கள் என்ற பொருளில் பேசினார். எல்லாக் கட்சியும் இதில் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

ஓர் ஆணைத் திட்ட வேண்டும் என்றால் அவன் தாயை இழுக்கிறார்கள். அரசாங்கத்தின் செலவைத் திட்ட வேண்டும் என்றாலும் மனைவியைப் பொருளாக்கி மிக்ஸிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்வியும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன தம்பி. பேச்சில் பெண்ணை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்களோ, பட்ஜெட்டிலும் அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பெண்களை நிறுத்தினால் ஓட்டு விழாது என்று கட்சிக்காரர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். 2021-ல் மொடக்குறிச்சியில் இரண்டு பெரிய அணிகளும் பெண்களையே நிறுத்தின. சி.சரஸ்வதி, சுப்புலட்சுமி ஜெகதீசனை 281 ஓட்டில் ஜெயித்தார். 1996-ல் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்வதற்காக மொத்தம் 1,033 பேர் போட்டியிட்ட அதே மொடக்குறிச்சி. அப்போது ஜெயித்ததும் சுப்புலட்சுமிதான். ஜனங்கள் பெண்ணென்று யாரையும் ஒதுக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருக்கிற இந்த மாநிலத்தில், 2021-ல் சட்டசபைக்குள் போன 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். ஒதுக்கியவர்கள் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார்கள்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "ஓசி பஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி, ஒரு கூட்டத்தில் பெண்களைப் பார்த்து, நீங்கள் பஸ்ஸில் ஓசியில்தானே போகிறீர்கள் என்று கேட்டார். திட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் அமைச்சர் வாயிலிருந்தே வந்தது அது. கொஞ்ச நாளில் கோவைப் பக்கத்தில் டவுன் பஸ் ஒன்றில் ஒரு மூதாட்டி, "ஓசியில வரமாட்டேன், காசை வாங்கிட்டு டிக்கெட் குடு" என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்ற வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அது கட்சிக்காரர்கள் ஏற்பாடு செய்தது என்றார்கள். இருக்கட்டும். அந்த வீடியோவைப் பார்த்த எத்தனை ஆயிரம் பெண்களுக்கு நெஞ்சு அடைத்தது என்பதை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. அதே பொன்முடி 2025 ஏப்ரலில் பெண்களைப் பற்றி இன்னும் கேவலமாகப் பேசி, கட்சிப் பதவியும் அமைச்சர் பதவியும் போனது. 'ஓசி' என்றதற்கு ஒன்றும் போகவில்லை. அந்தச் சொல் தப்பு என்று யாருக்குமே தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை.

இப்போது உங்கள் குடோனுக்குப் போவோம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் மின்சாரம் கட்டணம் இல்லாமல் வருகிறது. 750 யூனிட்டாக இருந்ததை 2023 மார்ச் முதல் ஆயிரமாக்கினார்கள். உங்கள் நண்பர்கள் அதை ஓசிக் கரண்ட் என்றா சொல்கிறார்கள்? மானியம் என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் ரத்தானது. அதற்குப் பெயர் தள்ளுபடி. தொழிற்சாலை தொடங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது ஊக்கத்தொகை. எல்லாம் ஒரே கஜானாவிலிருந்து போகிற பணம். தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் ஆணும் பெண்ணும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். ஆண் கைக்குப் போகும்போது அதற்கு ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது. பெண் கைக்கு வந்ததும் அது இலவசமாகிறது, ஓசியாகிறது.

மானியத்துக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் விவசாயி மகள். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மேல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். எங்கள் அப்பா கால் நன்றாக இருந்தவரை வருடா வருடம் அந்த நினைவிடத்துக்குப் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வருவார். கலைஞர் 1989-ல் மறுபடி முதல்வரானபின் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் கட்டணமில்லை என்றானது. அதை யாராவது இலவச மின்சாரம் என்றால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மூணு உசுரு குடுத்து வாங்குனது. எலவசமாமா?" என்பார். அவர் சொன்னது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த மின்சாரத்துக்கு எங்கள் வீட்டில் உழைத்தது யார் என்று சொல்கிறேன். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எங்களுக்குப் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். ஒரு மணி, இரண்டு மணிக்கு வரும். அப்பா மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வெளியே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்வார். அம்மாதான் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டியோடு வரப்பில் போவாள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி மடையை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்துவிட வேண்டும். நான் கூடப் போனால் லைட் பிடிக்கிற வேலை எனக்கு. காய்ந்த மண்ணில் தண்ணீர் சத்தமில்லாமல் தலையை நீட்டி ஊர்ந்து வருவதை அந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாம்பு வருகிற மாதிரியே இருக்கும். சில ராத்திரி பாம்பும் வரும். அம்மா மம்பட்டிக் காம்பால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த மடைக்குப் போய்விடுவாள். விடிந்தால் கட்டுத்தரையில் சாணி அள்ளி, பால் கறந்து, எங்களுக்குச் சோறு கட்ட வேண்டும். அப்பா ஊருக்குள் போய், "ராத்திரி பூராத் தண்ணி கட்டுனனுங்க, கண்ணெல்லாம் எரியுது" என்று சொல்லிக்கொண்டு டீ குடிப்பார். அவர் நல்ல மனுஷர். பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர். அவருக்கு அது பொய்யாகவே தெரியவில்லை.

சர்வீஸ், அதாவது மோட்டாருக்கான மின் இணைப்பு, அப்பா பேரில் இருந்தது. அவர் போனபின் அண்ணன் பேருக்கு மாறியது. அம்மா பேரில் எதுவும் இருந்ததில்லை.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை, நீங்கள் சொன்ன அந்த மாதம் ஆயிரம் ரூபாய், தொடங்கியது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், புஞ்சை நிலம் பத்து ஏக்கருக்கு மேல் போகக் கூடாது, வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் கேட்டார்கள். அம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள், ரேஷன் கார்டும் தனி. விண்ணப்பம் போட்டாள், வந்தது. எழுபத்தாறு வயதில் முதல்முதலாக அவள் பேருக்கென்று ஒரு பணம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்துக்குப் பஸ் ஏறி, ஏ.டி.எம்.மில் எடுத்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் வர நேரம் இருந்ததால் ஒரு பேக்கரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் தனக்கும் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். அதுவரை அம்மா ஒரு பேக்கரிக்குள் போய் உட்கார்ந்ததே இல்லை. நம் பக்கத்தில் அடிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது, காலையிலும் பொழுதோடவும் ஆண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் அம்மா வயதுப் பெண் ஒருத்தி தன் காசில் அங்கே உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. ராத்திரி எனக்குப் போன் போட்டாள். "பன்னைப் பிச்சு உள்ள பாத்தன் கண்ணு, தேங்காப்பூவும் செரிப்பழமும் வெச்சிருக்கறான்" என்றாள். பத்து வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

நான்கு நாள் கழித்து அண்ணன் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "ஓசிக் காசு வந்ததும் பேக்கரில உக்காந்து பன்னுத் திங்கறயாமா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம். அண்ணன் கெட்டவர் இல்லை, அம்மாவுக்கு மருந்து மாத்திரை எல்லாம் அவர்தான் வாங்கிக் கொடுக்கிறார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பணத்தை எடுத்து வந்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுகிறாள். பேக்கரிக்குப் போகவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். "எனக்கெதுக்குக் கண்ணு" என்கிறாள்.

உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த அரிசி டப்பாதான் ஞாபகம் வந்தது.

உங்கள் நண்பர்களுக்குக் கணக்கு வேண்டும் என்றால் கணக்கே போடலாம். 2024-25-க்கு மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஒரு பெண்ணுக்கு வருடத்துக்கு 12,000 ரூபாய். அதே வருடம் விவசாய மின்சாரத்துக்காக அரசு மின்வாரியத்துக்குத் தர வேண்டியது 7,000 கோடிக்கு மேல். இணைப்புகள் 23 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். வகுத்துப் பாருங்கள், ஒரு இணைப்புக்கு வருடத்துக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும். எங்கள் அண்ணன் பேருக்கு முப்பதாயிரம், அம்மா பேருக்குப் பன்னிரண்டாயிரம். முப்பதாயிரத்தை வாங்குகிற கைதான் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்து ஓசி என்றது. உங்கள் ஊரில் பத்துத் தோட்டத்துக்குப் போய், சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். தறிக்குடோன்களிலும் கேளுங்கள். தறிக்கு நூல் தார் சுற்றுகிறவள் பேரில் எத்தனை சர்வீஸ் இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குக் கூலியில்லாமல் ஒரு நாளைக்கு 299 நிமிடம் கொடுப்பதாக வந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், முப்பது நாளும், லீவு கிடையாது. அதற்கு ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. உங்கள் குடோனில் ஏழு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் தறி ஓட்ட ஆள் வருவாரா? அப்படியிருக்க, யார் யாருக்கு ஓசியில் செய்துகொண்டிருக்கிறார்கள்?

திட்டத்தின் பெயரிலேயே உரிமை என்று இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களே மேடையில் ஏறியதும் "கொடுத்தோம், கொடுத்தோம்" என்கிறார்கள். எதிரில் இருப்பவர்கள் "நாங்கள் வந்தால் கூடக் கொடுப்போம்" என்கிறார்கள். 2021-ல் ஒரு பக்கம் ஆயிரம், மறுபக்கம் ஆயிரத்து ஐந்நூறும் வாஷிங் மெஷினும். மின்சாரத்தை விவசாயிக்கு அறிவிக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு அறிவிக்கிறார்கள். இதைப் பெண்களுக்கு அறிவிக்கும்போது பொங்கலுக்கு வேலைக்காரிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற முகம் வந்துவிடுகிறது. மரியாதையா பணமா என்று கேட்டீர்களே, அந்த முகத்தை மாற்றிக்கொண்டு அதே பணத்தைக் கொடுக்கட்டும். அதற்குப் பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கூடத் தேவைப்படாது.

ரோடு வேண்டும்தான், டாக்டர் வேண்டும்தான். யார் வேண்டாம் என்றது? ஆனால் எதைக் குறைத்து ரோடு போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் உங்கள் கண் முதலில் மனைவியின் ஆயிரத்தின் மேல் போய் விழுந்ததே, அது ஏன் என்று நீங்களே உட்கார்ந்து யோசியுங்கள். டாஸ்மாக் பற்றி இங்கே எழுதவில்லை. அது வேறு வழக்கு. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிற ஆண்கள் யாரும் குடியை விட்டு நான் பார்க்கவில்லை.

அரசாங்கம் முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களோடு நான் வருடக்கணக்கில் பஸ்ஸில் போயிருக்கிறேன். வெயில் காலத்தில்கூடக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போவதற்கு இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கட்டி வைத்திருக்கிற கழிப்பறைக்குக் கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் லைட்டும் உள்ள கழிப்பறை, அதைக் கழுவ ஆள், அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளம். முதலில் இது. அடுத்த கூட்டத்தில் ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் மகளையே எழுந்து நின்று இதைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கடிதத்தைக் கடைசியாக இன்னொரு தடவை படித்தேன். மேடையில் இருந்தவன் என்ன சொன்னான், குடோனில் நண்பர்கள் என்ன சொல்கிறார்கள், மகள் என்ன கேட்டாள், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு ஆயிரம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை அவர் என்ன செய்கிறார், அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. கேட்டுப் பாருங்கள். அடுத்த கடிதத்தை அவரே எழுதினால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
அக்கா